பிரிட்டனில் ஒரு நிறுவனத்தின் ரயில்களை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்ற ஏன் இத்தனை வருடம் ஆகிறது?

லண்டன் பக்கம் ஓடிய நல்ல ரயில்கள் வருடக்கணக்கில் யார்டில் சும்மா நின்றன, வடக்கே நாங்கள் இரண்டு பெட்டி டீசல் வண்டியில் நசுங்கிக்கொண்டு போகிறோம், பெயிண்ட் அடித்து இந்தப் பக்கம் அனுப்ப என்ன கஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கடைசியில் "டிப்போக்காரர்களின் சோம்பேறித்தனமா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

வட இங்கிலாந்தில் ஒரு ரயில் டிப்போவில் பராமரிப்பு டெக்னீஷியனாக இருக்கிறேன். பெரும்பாலும் நைட் ஷிப்ட். எந்த நிறுவனம், எந்த டிப்போ என்று சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். ரயில்வே கொள்கை பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். கொள்கையை வகுப்பவன் இல்லைதான். ஆனால் வேறு இடத்தில் ஓடிய வண்டி எங்கள் டிப்போவுக்குள் வந்தால், அதற்கு அடியில் முதலில் படுப்பவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் சொல்லும் சும்மா நின்ற ரயில்கள் 379 வகை என்று நினைக்கிறேன். 2011-இல் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையப் பாதைக்காக வந்தவை, நான்கு பெட்டிகள் கொண்ட 30 யூனிட்கள் (சேர்ந்தே ஓடும் பெட்டித் தொகுப்பை யூனிட் என்போம்). அங்கே ரயில் ஓட்டிய கிரேட்டர் ஆங்கிலியா நிறுவனம் தன்னிடம் இருந்த அத்தனை வண்டிகளையும் புதிதாக மாற்ற முடிவு செய்ததால் 2022 தொடக்கத்தில் இவை வெளியேறின. லண்டனுக்கு வடக்கே ரயில் ஓட்டும் கிரேட் நார்தர்னில் மறுபடி ஓடத் தொடங்கியது 2025-இல். பதினொரு வயது வண்டி மூன்று வருடம் வெறுமனே நின்றது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் அதை உங்கள் பாதைக்கு அனுப்பியிருக்க முடியாது. 379 வகை, தலைக்கு மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியில் மட்டும் ஓடுகிற வண்டி. நீங்கள் டீசல் வண்டியில் போகிறீர்கள் என்றால் உங்கள் பாதையில் அந்தக் கம்பியே இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

அடுத்தது, வண்டி யாருடையது என்பது. பக்கவாட்டில் பெயர் எழுதியிருக்கிற நிறுவனத்தின் சொத்து அது இல்லை. தனியார்மயத்தின்போது பிரிட்டிஷ் ரயிலின் பயணிகள் வண்டிகளை ஏஞ்சல் டிரெயின்ஸ், எவர்ஷோல்ட், போர்ட்டர்புரூக் என்று மூன்று குத்தகை நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பிறகு அவற்றை விற்றார்கள். 1996 ஜனவரியில் சுமார் 53 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்ட போர்ட்டர்புரூக், அதே வருடம் 80 கோடி பவுண்டுக்கு மேல் ஸ்டேஜ்கோச் கைக்குப் போனது. நடுவில் புது வண்டி எதுவும் முளைக்கவில்லை, அதே பழைய பெட்டிகள்தான். ரயில் ஓட்டும் நிறுவனம் வாடகை வீட்டில் குடியிருப்பவரைப் போல. ஒப்பந்தக் காலம் முடிந்தால் காலி செய்ய வேண்டும், வீட்டுக்காரர் அதிக வாடகை தருபவரைத் தேடுவார். யாருக்கு அதிகத் தேவை என்று அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை.

வடக்கே இருப்பவர்களுக்கு 170 வகை வண்டிகள் நினைவிருக்கும். 2014-இல் இங்கே ரயில் ஓட்டும் டிரான்ஸ்பெனைன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடம் இருந்த ஒன்பது யூனிட்களை போர்ட்டர்புரூக் தெற்கே சில்ட்டர்ன் நிறுவனத்துக்கு வாடகைக்கு விட ஒப்பந்தம் போட்டது. டிரான்ஸ்பெனைன், ரயில் ஓட்ட அரசு கொடுத்த தன் உரிமக் காலம் எப்போது முடியும், நீளுமா என்று தெரியாத நிலையில் நீண்ட வாடகைக்குக் கையெழுத்துப் போட முடியவில்லை. சில்ட்டர்னுக்கு நீண்ட காலம் கையில் இருந்தது, ஆக்ஸ்போர்டுக்குப் புதுப் பாதை வேறு திறக்கவிருந்தது. மான்செஸ்டரிலும் ஹல்லிலும் ஏற்கனவே நின்றுகொண்டு பயணம் செய்தவர்களிடமிருந்து வண்டியைப் பிடுங்கித் தெற்கே கொடுப்பதா என்று பெரிய சத்தம் எழுந்தது. அரசு தலையிட்டு அவை போவதைத் தள்ளிப்போட்டதே தவிர, கடைசியில் போய்விட்டன. இதில் சட்டப்படி யாரும் தவறு செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். தப்பு நடந்திருந்தால் கேட்க ஆள் இருந்திருக்கும்.

சரி, எங்கள் டிப்போவுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் தெற்கே ஓடிய ஒரு வகை வண்டி எங்களுக்கு ஒதுக்கப்பட்டது. வகை எண்ணைச் சொன்னால் நிறுவனம் தெரிந்துவிடும், அதனால் வேண்டாம். ஊரில் அறிவிப்பு வந்த அன்று எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் போர்மேன் மட்டும் வண்டியின் நீளம் என்ன என்று கேட்டார். பெட்டிகள் 20 மீட்டர் நீளமும் இருக்கும், 23 மீட்டர் நீளமும் இருக்கும். எங்கள் ஷெட்டில் பெட்டியைத் தூக்கும் ஜாக்கிகள் ஒரு நீளத்துக்குத்தான் பொருத்தப்பட்டிருந்தன. வந்ததோ இன்னொரு நீளம். ஜாக்கியைத் தரையோடு பெயர்த்து நகர்த்த வேண்டும். அதற்கு ஒப்பந்தக்காரர், அனுமதி, எடை சோதனை என்று ஒவ்வொன்றாக வரும். அதுவரை பெரிய வேலைகளுக்கு வண்டியை வேறு டிப்போவுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அப்புறம் கழிப்பறை. இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் உண்மை. கழிவைத் தண்டவாளத்தில் விடாமல் தொட்டியில் சேர்க்கும் வண்டிகளுக்கு அந்தத் தொட்டியைக் காலி செய்யும் குழாய் வசதி டிப்போவில் இருந்தாக வேண்டும். எங்களிடம் இருந்தது, ஆனால் ஒரே ஒரு பாதையில். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் வந்து, அதிகாலையில் கிளம்ப வேண்டிய வண்டிகள் எல்லாம் அந்த ஒரே பாதைக்காக வரிசையில் நிற்கும். காலையில் உங்கள் வண்டியில் கழிப்பறை பூட்டியிருந்ததென்றால் அந்த வரிசையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பூட்டினவன் சோம்பேறி இல்லை.

முதல் யூனிட் வந்தபோது தானாக ஓடி வரவில்லை. இணைக்கும் கொக்கி எங்கள் எஞ்சினோடு பொருந்தாததால் இரண்டு பக்கமும் மாற்று இணைப்பு உள்ள இடைவண்டி வைத்து, டீசல் எஞ்சின் இழுத்து வந்தது. அடியில் படுத்துப் பார்த்தால் சக்கரங்கள் தேய்மான வரம்புக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தன. வரம்புக்குள்தான், அதனால் திருப்பிக் கொடுத்தவர்கள் விதியை மீறவில்லை. ஆனால் வண்டி கைமாறும் தேதி தெரிந்தால், கடைசி மாதங்களில் யார்தான் செலவு செய்து சக்கரம் மாற்றுவார்கள்? அந்தச் செலவு அடுத்தவர் தலையில் விழட்டும் என்று விட்டுவிடுவார்கள். பராமரிப்புப் பதிவுகளும் பாதிதான் வந்தன. ஒரு கதவு மோட்டாரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், நாங்கள் அதை இன்றைக்கே பிரித்துப் பார்த்தாக வேண்டும். பயணிகள் ஏறும் கதவு அது, நம்பிக்கையில் விட முடியாது. மற்ற உதிரி பாகங்களும் அப்படித்தான், கேட்டு எழுதினால் வாரக்கணக்கில் பதில் இல்லை. எங்கள் ஆட்கள் ராத்திரி ராத்திரியாக ஒவ்வொரு கதவையும் பிரித்துச் சோதித்துப் புதுப் பதிவு எழுதினார்கள்.

இதெல்லாம் முடிந்து வண்டி ஓடத் தொடங்கிய வாரத்தில், ஒரு பெட்டியின் அறிவிப்புப் பலகையில் பழைய பாதையின் தெற்கத்தி ஸ்டேஷன் பெயர்கள் வந்துவிட்டன. அந்த மென்பொருளை மாற்றும் உரிமை எங்களிடம் இல்லை, வேறொரு சப்ளையரிடம் இருந்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட, "தெற்கின் எச்சில் வடக்குக்கு" என்று ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். அந்தப் பெட்டியின் பிரேக்கும் கதவும் சக்கரமும் எப்படி இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. என்னோடு வேலை செய்த, ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போனார். அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

டிரைவர்கள் கதை தனி. புது வகை வண்டி என்றால் ஒவ்வொரு டிரைவரும் அதைக் கற்று, ஓட்டிப் பழகி, தேர்ச்சி பெற வேண்டும். வண்டியில் வரும் ரயில் கார்டுகளும் (guard) கதவுகளை இயக்கக் கற்க வேண்டும். பயிற்சிக்குப் போகும் நாட்களில் அவர்கள் வழக்கமான வண்டியை ஓட்ட முடியாது. அதனால் புது வண்டி வருவதற்கு முன்பே பழைய வண்டிகள் ரத்தாகத் தொடங்கும். பயணிக்கு அது இரட்டைத் தண்டனையாகத் தெரியும், தெரியத்தான் செய்யும்.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே இருக்கிற நம் ஆட்களே நைட் ஷிப்டை வேலையாக மதிப்பதில்லை. விடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால், பகல் பதினோரு மணிக்குப் பிறந்தநாள், மதியம் பூப்புனித நீராட்டு என்று அழைப்பு. வரவில்லை என்றால் "தூக்கம்தானே, அப்புறம் தூங்கிக்கலாமே, தம்பிக்குப் பெருமை வந்துவிட்டது" என்று பேச்சு. தூக்கமில்லாமல் ஒருவன் பிரேக் சோதனை செய்து கையெழுத்துப் போட்டால் அந்த வண்டியில் போகப்போவது அவர்கள் பிள்ளைகள்தான். "ரயில்வேயா, ஐடிக்குப் போயிருக்கலாமே" என்று மேசையில் எதிரே உட்கார்ந்து சொன்னவர்களும் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும்.

கேள்விக்கு வருகிறேன். ஒரு டிப்போவின் பிரச்சினை மட்டும் என்றால் மாதங்களில் தீர்ந்துவிடும். வருடங்கள் ஆவதற்குக் காரணம், ஒரு வண்டி உங்களிடம் வர வேண்டுமானால் அதை வைத்திருப்பவருக்கு வேறொன்று வந்திருக்க வேண்டும் என்பதுதான். 2018-ஐப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் 385 வகைப் புது ரயில்கள் தாமதமாயின. வளைந்த முன்கண்ணாடியில் சிக்னல் விளக்குகள் இரண்டு மூன்றாகத் தெரிகின்றன என்று டிரைவர்கள் புகார் சொன்னார்கள், கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. இடையில் சமாளிக்க ஸ்காட்ரெயில், லண்டனின் வடக்கே ஓடிய 365 வகையில் பத்து யூனிட்களை வாடகைக்கு எடுத்தது. ஸ்காட்ரெயில் தன் 170-களை விட்டால்தான் வட இங்கிலாந்தில் ஓட்டும் நார்தர்ன் நிறுவனத்துக்கு வரும், அவை வந்தால்தான் இங்கே பழசுகள் போகும். கிரேட் வெஸ்டர்ன் பாதையில் கம்பி போடும் வேலை தாமதமானதால் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டிய டீசல் வண்டிகளும் தாமதம். மான்செஸ்டருக்கும் பிரஸ்டனுக்கும் நடுவே போல்ட்டன் வழியாக மின்மயம் முடியாததால், கையில் இருந்த மின்வண்டிகளையே அங்கே ஓட்ட முடியவில்லை. 2018 மே மாதம் புதிதாக வந்த கால அட்டவணை இங்கே குலைந்ததற்கு இது முக்கியக் காரணம். அந்தப் பாதையில் மின்ரயில் ஓடியது 2019 பிப்ரவரியில். பஸ் உடலை வைத்துக் கட்டிய பேசர் வண்டிகளை 2019 முடிவோடு நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். நார்தர்னில் கடைசிப் பேசர் ஓய்ந்தது 2020 நவம்பரில். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நாம் இருக்கிறோம், மேலே எது தாமதமானாலும் இங்கேதான் வந்து விழும்.

தெற்கே மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். சவுத் வெஸ்டர்ன் நிறுவனம், 2017-இல் ஓடத் தொடங்கிய 707 வகையின் 30 யூனிட்களை, அதைவிடப் புதிய 701 வரப்போகிறது என்று 2021 முதல் சவுத்ஈஸ்டர்ன் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்தது. 701 பயணிகளை ஏற்றத் தொடங்கியதோ 2024 ஜனவரியில். அதுவரை 1980-களின் 455 வண்டிகள்தான் பாரத்தைச் சுமந்தன. அவற்றை ஓட வைத்துக்கொண்டிருந்ததும் டிப்போக்காரர்கள்தான்.

"எல்லாம் அரசுடைமை ஆகிறதே, இனி சரியாகிவிடும்" என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். 2024-இல் சட்டம் வந்தது, 2025 மே மாதம் முதல் ஒவ்வொரு நிறுவனமாக அரசிடம் வருவது உண்மை. அதை நான் வரவேற்கிறேன். ஒரே கை முடிவெடுத்தால் 170 போன்ற இழுபறி குறையும். ஆனால் வண்டிகள் இன்னும் குத்தகை நிறுவனங்களிடம்தான் இருக்கின்றன, ஷெட் நீளமும் ஜாக்கியும் டிரைவர் பயிற்சியும் யார் முதலாளி என்று பார்ப்பதில்லை. பழைய வண்டியே வேண்டாம், எல்லாம் புதிதாக வாங்கு என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 319 வகை 1987 முதல் 1990 வரை கட்டப்பட்டு லண்டன் நடுவே ஓடியவை. அவைதான் 2015-இல் லிவர்பூல், மான்செஸ்டர் இடையே மின்மயத்தோடு வந்து இரண்டு பெட்டி டீசலுக்குப் பதிலாக நான்கு பெட்டி கொடுத்தன. அதில் உட்கார்ந்து போனவர்களுக்கு அது பழசா புதுசா என்பதைவிட இடம் கிடைத்ததுதான் பெரிது.

உங்கள் பாதைக்கு வண்டி வருகிறது என்று அடுத்த முறை அறிவிப்பு வந்தால், ஆலோசனைக் கூட்டத்திலோ எம்.பி. அலுவலகத்திலோ இதைக் கேளுங்கள்: வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா, அந்த வண்டியை இப்போது வைத்திருப்பவருக்கு மாற்று எப்போது, எத்தனை டிரைவர்கள் பயிற்சி முடித்திருக்கிறார்கள், எந்த டிப்போவில் பராமரிப்பு, அங்கே ஷெட்டும் கழிவுக்குழாயும் போதுமா, நம் பிளாட்பாரங்களின் நீளம் போதுமா. இதில் இரண்டுக்காவது தேதியோடு பதில் வரவில்லை என்றால் வண்டி அந்த வருடம் வராது. உங்கள் பாதை எது என்று சொன்னால் எந்த வகை வண்டி அங்கே ஓட முடியும் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.