உதவியாளராக ஆறு வருடம். இனி மாஸ்டர்ஸ் படிக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஒரு பள்ளியில் ஆறு வருடமாக ஸ்பீச் தெரபி உதவியாளராக வேலை பார்க்கிறேன். வயது 36, இரண்டு பிள்ளைகள். இளங்கலையில் மதிப்பெண் சுமார்தான். மாஸ்டர்ஸ் படிக்க இந்த அனுபவம் கைகொடுக்குமா? இந்த வயதில் அது தேவையா?
— ஒரு வாசகி, ஆஸ்டின்

பதில்: நானும் உதவியாளராக இருந்துவிட்டு, 38 வயதில் மறுபடியும் வகுப்பில் போய் உட்கார்ந்தவள்தான்.

'தேவையா' என்ற கேள்வி எனக்குத் தீர்ந்தது ஒரு பள்ளி வராந்தாவில். ஒரு தமிழ் அம்மா என்னை நிறுத்தி, "வீட்ல தமிழ் பேசுறதாலதான் இவனுக்கு இங்கிலீஷ் சரியா வரலையா? தமிழை நிறுத்திடணுமா?" என்று கேட்டார். பையன் 'வெஸ்ட்' என்றால் மேற்கா, கையில்லாத மேல்சட்டையா என்று ஆசிரியைக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் அங்கே w, v என்று இரண்டு ஒலிகள், தமிழில் ஒரே வகரம். அதைக் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. உண்மையான மொழிக் குறைபாடு என்றால் தமிழிலும் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தும், பரிசோதித்து முடிவு சொல்வது மாஸ்டர்ஸ் முடித்த தெரபிஸ்டின் வேலை, உதவியாளரின் வேலை இல்லை. "மேடத்துகிட்ட கேளுங்க அக்கா" என்று அனுப்பினேன். மேடம் என்றது எனக்கு மேலிருந்த தெரபிஸ்டை; நல்லவர், திறமைசாலி. ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அனுபவம் கைகொடுக்குமா? குழந்தையோடு உட்காருவதில் நிச்சயம் கைகொடுக்கும். முதல் நாளே அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் படிப்பின் பாதி, பள்ளிக்கு வெளியே இருக்கிறது. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள், விழுங்கும்போது புரையேறுகிறவர்கள். பேரியம் கலந்த கஞ்சியை ஒரு முதியவர் விழுங்க, அது மூச்சுக்குழாய்ப் பக்கம் நழுவுவதை எக்ஸ்ரேயில் முதல் தடவை பார்த்தபோது, நான் புது மாணவி என்பது நன்றாகவே உறைத்தது.

ஆறு வருடம் வேலை பார்த்ததால் பயிற்சி நேரம் பெரிதாகக் குறையாது. தெரபிஸ்டுகளுக்கான தேசியச் சான்றிதழுக்கு 400 மணி நேரப் பயிற்சி வேண்டும்; அதில் 325 மணி மாஸ்டர்ஸ் படிக்கும்போதே முடித்ததாக இருக்க வேண்டும். அப்புறம் பிராக்சிஸ் என்கிற தகுதித் தேர்வில் 162 மதிப்பெண், முழுநேரமாக 36 வாரம் மேற்பார்வையில் வேலை. ஆன்லைனில் பகுதி நேரமாகப் படிக்கலாம். நான் அப்படித்தான் மூன்று வருடத்தில் முடித்தேன். ஆனால் பயிற்சிக்கு நேரில்தான் போக வேண்டும். அந்த நாட்களில் பிள்ளைகளை யார் கூட்டிவருவார்கள் என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

மதிப்பெண்ணை நினைத்து ஒதுங்காதீர்கள். உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் ஆகியவை கட்டாயம். விட்டுப்போனது இருந்தால் கம்யூனிட்டி காலேஜில் எடுத்து 'ஏ' வாங்குங்கள். பழைய மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அது பேசும். விண்ணப்பக் கட்டுரையில் 'குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்' என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் கூடவே இருந்து பார்த்த ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். வேறொருவர் எழுதிய இலக்கை வைத்து அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தபோது, 'இதை மாற்றலாமே' என்று உங்களுக்குத் தோன்றிய நாளை எழுதுங்கள். அப்படி ஒரு நாள் உங்களுக்கு இருந்திருக்கும். பரிந்துரைக் கடிதத்தை உங்கள் சூப்பர்வைசரிடம் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.