ஊசி போட்டவங்களுக்கே வந்துருச்சா?

கேள்வி: 2021 ஜூலைல அமெரிக்காவுல ப்ராவின்ஸ்டவுன்ல கூடுன கூட்டத்துல கொரோனா தொத்துன 469 பேர்ல 346 பேரு தடுப்பூசி முழுசா போட்டவங்களாம், வாட்ஸ்அப்ல வந்துச்சு. அப்ப எங்க அப்பத்தாவுக்கு எதுக்குங்க ஊசி?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: எண்ணிக்கை சரிதாம்மா, ஆனா கொரோனா வந்தவங்கள மட்டும் எண்ணுனா பத்தாது, கூட்டத்துல மொத்தம் எத்தன பேரு போட்டவங்கன்னும் தெரியணும், அந்த ஊரு இருக்குற மாசசூசெட்ஸ் மாநிலத்துல தகுதி உள்ளவங்கள்ல 69 சதவீதம் பேரு அப்பவே போட்டு முடிச்சுட்டாங்க. மேலூர் பக்கம் ஒரு ஊர்ல 1000 பேருன்னு வச்சுக்குங்க, 900 பேரு போட்டாச்சு, 100 பேரு போடல, போட்டவங்கள்ல 18 பேரும் போடாதவங்கள்ல 10 பேரும் முத்திப்போய் பெரியாஸ்பத்திரில சேந்தா, வார்டுல எட்டிப் பாக்குறவங்களுக்கு போட்டவங்கதான் ஜாஸ்தியா தெரிவாங்க. ஆனா போட்டவங்கள்ல அது நூத்துக்கு 2, போடாதவங்கள்ல நூத்துக்கு 10, அஞ்சு மடங்கும்மா! ஊரே போட்டுட்டா வார்டுல படுத்திருக்குற அத்தன பேருமே போட்டவங்களாத்தான் இருப்பாங்க. வயசு வேற இருக்கு, பெரியவங்கதான் முந்திப் போட்டாங்க, சுகர் பிரஷர்னு ஆபத்தும் அவங்களுக்குத்தான், அதனால வயசுவாரியா பிரிக்காத கணக்க நம்பவே கூடாது. அந்த 469 பேர்ல ஆஸ்பத்திரில சேந்தது 5 பேரு, யாரும் சாகல, இத ஏன் ஃபார்வர்டு பண்றவங்க சொல்ல மாட்டேங்குறாங்க? அப்பத்தாவ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்ட்ட கேளுங்க, இந்த மெசேஜ நம்பி விட்டுறாதீங்க.