விண்கலம் ஒளியின் வேகத்தை நெருங்க முடியுமா?

மன்னார்குடிப் பக்கமிருந்து பிளஸ் டூ மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒளி வேகத்தை நெருங்கும் விண்கலம் சாத்தியமா? இஞ்சினைப் பெரிதாக்கினால் போதாதா?"

நெருங்கலாம், எட்ட முடியாது. நெருங்குவதற்கு இயற்பியலில் தடையே இல்லை. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில், அணுத்துகள்களை மோதவிடும் வளையத்தில் புரோட்டான்கள் ஒளி வேகத்தில் 99.999999 சதவீதத்தில் ஓடியிருக்கின்றன. சிக்கலெல்லாம் எடையில்தான்.

மனிதர் செய்த கலங்களில் அதிவேகம் நாசாவின் சூரிய ஆய்வுக் கலமான பார்க்கருடையது. 2024 டிசம்பர் 24 அன்று சூரியனை ஒட்டிப் போனபோது நொடிக்கு 192 கி.மீ. மேட்டூரிலிருந்து பூம்புகாருக்கு நேர்கோட்டில் ஒன்றேகால் நொடி! அதுவே நொடிக்கு 2,99,792 கி.மீ. போகும் ஒளியின் முன் 0.064 சதவீதம்தான். அதிலும் பெரும்பங்கு சூரிய ஈர்ப்பு கொடுத்தது, இஞ்சின் அல்ல.

இஞ்சினைப் பெரிதாக்கினால் உந்துவிசைதான் கூடும். கடைசியில் எட்டும் வேகத்தை முடிவு செய்பவை இரண்டு: வாயு வெளியேறும் வேகம், புறப்படும் எடைக்கும் எரிபொருள் தீர்ந்த பிறகுள்ள எடைக்குமான விகிதம். இதை 1903இல் ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி வெளியிட்டார். ஹைட்ரஜன்-ஆக்சிஜன் இஞ்சினில் வாயு நொடிக்கு 4.5 கி.மீ. வேகத்தில் வெளியேறும். ஒளி வேகத்தில் 10 சதவீதம், அதாவது நொடிக்கு 30,000 கி.மீ. வேண்டுமானால் அந்த விகிதம் 1 போட்டு ஏறக்குறைய 2,895 பூஜ்யம். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டியிருப்பதால் வரும் வினை இது. மின்னூட்டிய துகள்களை நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் வெளியேற்றும் அயனி இஞ்சினிலும் 434 பூஜ்யம். நம் கண்ணுக்கு எட்டிய பிரபஞ்சத்தின் மொத்த அணுக்களுக்கே சுமார் 80 பூஜ்யம் போதும்.

எரிபொருளை விட்டுவிட்டு ஆற்றலை மட்டும் பார்ப்போம். ஒரு கிலோவை 10 சதவீதத்துக்குக் கொண்டுபோக 12.6 கோடி யூனிட் மின்சாரம், ஒரு துளி வீணாகாவிட்டாலும். வயலில் 5 எச்.பி. மோட்டார் மணிக்கு நாலு யூனிட் இழுக்கும். அது இராப்பகலாக 3,600 வருடம் ஓடும் மின்சாரம் இது. 90 சதவீதத்துக்கு இதைப்போல் சுமார் 257 மடங்கு.

அதனால்தான் எரிபொருளைத் தரையிலேயே விட்டுச் செல்லும் லேசர் பாய் (லேசர் ஒளி தள்ளப் பறக்கும் மெல்லிய படலம்) மீது எனக்கு நம்பிக்கை. 2016இல் அறிவிக்கப்பட்ட ஸ்டார்ஷாட் திட்டப்படி, சில கிராம் எடையுள்ள பாயை 100 கிகாவாட் லேசர் தள்ளி 20 சதவீதத்துக்கு ஏற்றும். அத்தனை ஒளியும் தரும் விசை வெறும் 670 நியூட்டன், ஓர் ஆளின் எடை அளவு. பாய் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை உறிஞ்சினாலும் 1 மெகாவாட் வெப்பம் ஏறிப் பொசுங்கிவிடக்கூடும். தப்பினால் அடுத்த எதிரி தூசி. அந்த வேகத்தில் ஒரு மைக்ரோகிராம் துகள் மோதினால் ஏறக்குறைய 440 கிராம் டிஎன்டி வெடிமருந்து வெடித்த கணக்கு.

கிராம் கணக்கிலான கருவிக்கு 10–20 சதவீதம் ஒருநாள் கைகூடும் என்று நினைக்கிறேன். மனிதர் ஏறிய கலத்துக்கு வழி தெரியவில்லை. 90 சதவீதத்தில் எதிர்வரும் ஹைட்ரஜனே கொல்லும் கதிர்வீச்சாகிவிடும்.

லேசர் பாய்க்குப் பிரேக்கும் இல்லை. 4.24 ஒளியாண்டு தள்ளியுள்ள, சூரியனுக்கு மிக அருகிலிருக்கும் நட்சத்திரமான பிராக்ஸிமாவுக்கு 21 வருடம் பறந்து போகும் பாய், அங்குள்ள கோளின் சுற்றுப்பாதையைக் குறுக்கே நாலே நிமிடத்தில் கடந்துவிடும். அதற்குள் எடுத்த படம் நமக்கு வந்துசேர மேலும் நாலேகால் வருடம்.