ஆறு நாள் ஜிம் வேண்டாம், மூன்று நாள் கனமாகத் தூக்குங்கள்: கேள்வி பதில்

ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் (படுத்தபடி நெஞ்சுக்கு மேலே தள்ளுவது) எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குள் எப்படி அடுக்குவது என்று வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து ஆட்கள் கேட்டதும் அதற்கு என் பதில்களும் இங்கே.

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவர்): அண்ணா, திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று மாஸ்டர் ஆறு நாளுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பெஞ்ச் பல மாதமாக 50 கிலோவிலேயே நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, வாரத்துக்கு ஒரே ஒரு தடவை பெஞ்ச் போட்டுவிட்டு, அதையும் மறுநாள் கை தூக்க முடியாத அளவுக்குப் போட்டுவிட்டு, மிச்ச ஆறு நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் எடை எப்படி ஏறும்? மூன்று நாளாக மாற்று. திங்கள் ஸ்குவாட், பெஞ்ச், பார்பெல் ரோ (குனிந்தபடி எடையை வயிற்றுப் பக்கம் இழுப்பது). புதன் ஸ்குவாட்டை திங்கள் எடையில் 80 சதவீதத்துக்கு இறக்கி இரண்டு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்வது ஒரு செட்), அப்புறம் ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி தலைக்கு மேலே தள்ளுவது), கடைசியாக டெட்லிஃப்ட். வெள்ளி மறுபடியும் கனமான ஸ்குவாட், பெஞ்ச், புல்அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது). புல்அப் எத்தனை வருமோ அத்தனை, மற்றதெல்லாம் 5 ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப்), 3 செட். டெட்லிஃப்ட் மட்டும் வார்ம்அப் போக ஒரே ஒரு கனமான செட். அது உடம்பிலிருந்து எடுத்துக்கொள்வது அதிகம், புதன் அதில் பேராசைப்பட்டால் வெள்ளி ஸ்குவாட் படுத்துவிடும்.

பெஞ்சை 42.5 கிலோவுக்கு இறக்கு. கூச்சப்படாதே. ஒவ்வொரு தடவையும் 2.5 கிலோ ஏற்றினால் இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை திரும்ப 50-ல் நிற்பாய், இந்த முறை 5 ரெப் 3 செட்டும் சுத்தமாக. அதற்கு 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வேண்டும். நிறைய ஜிம்களில் அது இருக்காது, சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள். செட்டுக்கு நடுவில் மூன்று நிமிடம், கனமாக ஆக ஐந்து நிமிடம்கூட ஓய்வு எடு. யாராவது காத்திருந்தால் அந்த இடைவெளியில் அவர்களைப் போடச் சொல்லலாம்.

இன்னொன்று, எடை மாட்டுகிற ராடு எல்லாமே 20 கிலோ இருக்காது. ஒரு தடவை எடைபோட்டுப் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் நீ எழுதி வைக்கிற கணக்கே தப்பாகிவிடும்.

கேள்வி (ஆம்பூர்): ஷூ கம்பெனியில் வேலை, நாள் முழுக்க நின்றபடிதான். சாயங்காலம் ஸ்குவாட் போட்டால் கால் நடுங்குகிறது. விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள், நாளை மாற்றுங்கள். கனமான ஸ்குவாட்டை வார விடுமுறை நாளில் வையுங்கள், ஞாயிறு காலை என்றால் ரொம்ப நல்லது. வார நடுவில் இன்னொரு நாள் போதும், அன்றைக்கு பெஞ்சும் டெட்லிஃப்டும். வாரத்துக்கு இரண்டு நாள் ஒழுங்காகச் செய்கிறவர், நான்கு நாள் எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் மட்டம் போடுகிறவரை விட முன்னால் போய்விடுவார். ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை சாப்பிட்டுப் பாருங்கள். மதியம் சாப்பிட்டதோடு ஏழு மணிக்கு ராடுக்கு அடியில் நின்றால் நடுங்கத்தான் செய்யும்.

கேள்வி (ஆற்காடு): நான் பெண். வெயிட் தூக்கினால் உடம்பு ஆண்கள் மாதிரி ஆகிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: ஆகாது அக்கா. அந்த அளவுக்குத் தசை வளர டெஸ்டோஸ்டிரோன் நிறைய வேண்டும், பெண்கள் உடம்பில் அது ஆண்களுக்கு இருப்பதில் மிகச் சிறிய பங்குதான். மேலே சொன்ன அதே மூன்று நாள் உங்களுக்கும் பொருந்தும். ஓவர்ஹெட் பிரஸ்ஸில் மட்டும் 2.5 கிலோ ஏற்றுவது சீக்கிரமே கஷ்டமாகும், அப்போது எடையை விட்டுவிட்டு ரெப்பை ஏற்றுங்கள்.

கேள்வி (சத்துவாச்சாரி): பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் எங்க ஊர்க்காரர். அவரைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை. ஸ்நாட்ச் (தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேலே தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க்கை (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேலே) இந்த வாரத் திட்டத்தில் எங்கே சேர்ப்பது?

பதில்: 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம். 2018 கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். அப்படி ஒருவர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் அது வேறு விளையாட்டு தம்பி, வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிற விஷயம் இல்லை. கற்றுக்கொடுக்கத் தெரிந்த கோச் பக்கத்தில் நின்றால் மட்டும், உடம்பு புதுசாக இருக்கும்போது, ஸ்குவாட்டுக்கு முன்னால் செய். அதுவரை ஸ்குவாட்டையும் டெட்லிஃப்டையும் ஏற்று. அந்தக் காலும் முதுகும் பிறகு அங்கேயும் உதவும்.

கேள்வி (கம்மவான்பேட்டை): ஆர்மி செலக்‌ஷனுக்குத் தயாராகிறேன். 1600 மீட்டர் ஓட்டமும் இருக்கிறதே, எப்படிச் சேர்ப்பது?

பதில்: வேக ஓட்டத்தை செவ்வாய், சனிக்கு வை. கனமான ஸ்குவாட்டுக்கு முந்தின நாள் வேகமாக ஓடாதே, ஞாயிறு முழு ஓய்வு. உனக்குத் தேர்வு ஓட்டத்திலும் புல்அப்பிலும்தான், அதனால் கடைசி மாதம் ஸ்குவாட் எடையை ஏற்றாமல் அப்படியே நிறுத்திவிட்டு ஓட்டத்துக்கு முதல் இடம் கொடு.

கேள்வி (குடியாத்தம்): மூன்று வாரமாக ஸ்குவாட் 80 கிலோவில் மூன்றாவது செட்டில் நான்கு ரெப்தான் வருகிறது. மே மாத வெயில் வேறு.

பதில்: நம்ம ஊர் மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் போகிறது, தகர ஷெட் ஜிம்மில் அது இன்னும் மோசம். காலை ஆறு மணிக்குப் போங்கள், மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள். எடையை 10 சதவீதம் குறைத்து 72.5-ல் இருந்து மறுபடி ஏறி வாருங்கள். அதோடு புரதம்: உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1.6 கிராம் பாருங்கள். 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், அதனால் இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பருப்பு, கொண்டைக்கடலை, சோயா, கோழி எல்லாம் சேர வேண்டும். அப்படியும் 80-ல் நின்றால் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.