வெள்ளத்தில் பால் பாக்கெட் 60 ரூபாய்: புகார் செய்யலாமா?

வேளச்சேரியில் தண்ணீர் நின்றபோது அரை லிட்டர் பால் பாக்கெட் 60 ரூபாய், தக்காளி மும்மடங்கு, இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கதை.

பாலில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்தான். மழை, புயல் எதற்கும் விலக்கு கிடையாது. 'வண்டியே வரல, நானே இடுப்பளவு தண்ணியில போய் எடுத்து வந்தேன்' என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

தக்காளிதான் சிக்கல். எடை போட்டு விற்பதில் அச்சிட்ட விலை ஏது? கலிபோர்னியாவில் அவசரநிலை அறிவித்தால் விலையைப் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. நம்மிடம் அப்படிப் பொதுச்சட்டம் இல்லை. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் அரசே விலை நிர்ணயித்தால்தான் பிடி கிடைக்கும். 2020 மார்ச்சில் 200 மில்லி சானிடைசருக்கு 100 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது அப்படித்தான்.

சரி, பாலுக்கு வருவோம். பில் தந்திருக்க மாட்டார். ஜிபேயில் கட்டிய ஸ்கிரீன்ஷாட், விலை தெரியும்படி பால் கவரின் படம் (கழுவி வைத்திருந்தால் நல்லது), கடையின் பெயர்ப்பலகை, இவை போதும். மற்ற சாமானோடு சேர்த்துக் கட்டியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் அவ்வளவு உதவாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். எழுத்தில் கொடுப்பதானால் தொழிலாளர் துறையிடம் கொடுங்கள், கடைத் தராசுக்கு முத்திரை போடுபவர்களும் அவர்கள்தான்.