வட்டி வாங்கினால் சேவை இல்லையா?

கேள்வி: எங்கள் ஊர் மகளிர் தின விழாவில் பேசியவர், அமெரிக்காவில் பேங்க் தொடங்கிய முதல் கறுப்பினப் பெண் மேகி லீனா வாக்கரைப் பற்றிச் சொல்லி, 'மாபெரும் சமூக சேவகி' என்று கண் கலங்கினார். கடன் கொடுத்து வட்டி வாங்கியவர் எப்படி ஐயா சமூக சேவகி ஆவார்? வியாபாரம் வேறு, சேவை வேறு இல்லையா?
(வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: வேறுதான், கேட்டவுடன் கடன் கிடைக்கிறவர்களுக்கு. மேகி வாழ்ந்த, வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரத்தில் அந்நாளில் கறுப்பினப் பெண்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டு வேலை, சலவை, புகையிலைத் தொழிற்சாலை, இவைதான் அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த பிழைப்பு. அவர்களிடம் போய் உங்கள் கேள்வியைக் கேட்டிருந்தால், 'முதலில் எனக்குக் கடன் கொடுக்க ஓர் ஆளைக் காட்டு, வட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்' என்றிருப்பார்கள்.

மேகியின் அம்மா எலிசபெத் சலவைத் தொழிலாளி. கணவர் ஆற்றில் பிணமாகக் கிடந்தபின், ஊரார் துணியை வெளுத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். வெள்ளைக்காரர் வீடுகளில் அழுக்கு வாங்கி வருவதும் வெளுத்ததைச் சுமந்துபோய்க் கொடுப்பதும் சிறுமி மேகியின் வேலை. 'நான் வெள்ளிக் கரண்டியோடு பிறக்கவில்லை, தலையில் சலவைக் கூடையோடு பிறந்தேன்' என்று பின்னாளில் அவரே சொன்னார். படித்து ஆசிரியை ஆனார். 1886-ல் கல்யாணம் ஆனதும் அந்த வேலை போயிற்று. மணமான பெண் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தக்கூடாதாம்!

சிறு வயதிலேயே அவர் சேர்ந்திருந்த இடம் செயின்ட் லூக் சங்கம், கறுப்பினத்தவர் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள நடத்திய சங்கம். உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். படுத்துவிட்டால் கொஞ்சம் உதவி கிடைக்கும், செத்தால் அடக்கச் செலவு கிடைக்கும். 1899-ல் அதன் தலைமைச் செயலாளர் பொறுப்பை மேகி ஏற்றபோது கஜானாவில் இருந்தது 31 டாலரும் சில்லறையும். கட்ட வேண்டிய பாக்கி அதைப்போலப் பல மடங்கு. 1901-ல் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து, நம் பணத்தை ஒன்றாகச் சேர்ப்போம், நமக்குள்ளேயே வட்டிக்கு விடுவோம், பலனை நாமே அனுபவிப்போம் என்றார். நீங்கள் குற்றமாகச் சொல்கிற அதே வட்டிதான், ஐயா. அவர் அதை மறைக்கவில்லை, மேடை போட்டுச் சொன்னார்.

சொன்னதோடு நிற்கவும் இல்லை. வெள்ளையர் நடத்திய ஒரு வங்கிக்கு நாள்தோறும் போய் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டார். 1903 நவம்பர் 2-ம் தேதி செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி திறந்தது. பெயரிலேயே பென்னி, அதாவது ஒரு சென்ட். முதல் நாளே சுமார் 280 பேர் வரிசையில் நின்று கணக்குத் தொடங்கினார்கள். அதில் ஒருவர் கட்டிய தொகை 31 சென்ட். அவரையும் வாடிக்கையாளர் என்று உட்காரவைத்துப் புத்தகத்தில் வரவு எழுதியதுதான் அந்த வங்கி. குழந்தைகளுக்குச் சின்ன அட்டை உண்டியல்கள் கொடுத்தார்கள், ஒரு டாலர் சேர்ந்ததும் வங்கிக்கு எடுத்து வரச்சொல்லி. 1920-க்குள் இந்த வங்கிக் கடனில் வாங்கப்பட்ட வீடுகள் சுமார் 600. வீட்டு வேலைக்குப் போனவர்கள் சொந்த வீட்டில் குடியேறினார்கள்.

எல்லாமே ஜெயித்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1905-ல் சங்கம் ஒரு பெரிய ஜவுளிக் கடையும் திறந்தது, கறுப்பினப் பெண்களே விற்பனையாளர்கள். வெள்ளை வியாபாரிகள் கூட்டு சேர்ந்து, அந்தக் கடைக்குச் சரக்குப் போடக்கூடாது என்று மொத்த வியாபாரிகளை நெருக்கினார்கள். நம் ஆட்களும் போதுமான அளவு வாங்க வரவில்லையே என்று மேகி மனம் நொந்து பேசினார். சில வருடங்களில் கடை மூடப்பட்டது. 1904-ல் டிராம் வண்டியில் இனவாரியாக உட்காரவைத்ததை எதிர்த்து நடந்த புறக்கணிப்பை, சங்கத்துக்காக அவர் நடத்திய பத்திரிகை தூக்கிப் பிடித்தது. டிராம் கம்பெனி திவாலாகவே ஆயிற்று. ஆனால் 1906-ல் மாநில அரசு அந்தப் பாகுபாட்டையே சட்டமாக்கிவிட்டது.

குடும்பத்தைப் பற்றி உங்கள் பேச்சாளர் வாயே திறக்கவில்லை போலிருக்கிறது. லீ தெருவில் இருந்த வீடு 28 அறைகளுக்கு வளர்ந்தது. வசதியைக் காட்டிக்கொள்ள அல்ல. அம்மா, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அந்த வீட்டில்தான் 1915-ல் அந்தக் கொடுமை நடந்தது. திருடன் என்று நினைத்து மகன் ரஸ்ஸல் சுட்டதில் அப்பாவே இறந்துபோனார். மகனைக் கைது செய்து வழக்கு நடத்தினார்கள், குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார். ஒரு பக்கம் கணவரை இழந்து, மறுபக்கம் மகனுக்காகக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணை, இதுதான் சமயம் என்று பதவியிலிருந்து இறக்கப் பார்த்தார்கள் சங்கத்துக்குள்ளேயே சிலர். அவர் இறங்கவில்லை.

கடைசி வருடங்களில் சக்கர நாற்காலி. வீட்டுக்கு லிஃப்ட் வைத்துக்கொண்டார், அலுவலகம் போவதை நிறுத்தவில்லை. பொருளாதார மந்தத்தில் வங்கிகள் மூடிக்கொண்டிருந்தபோது, தன் வங்கியை ரிச்மண்டின் வேறு இரண்டு கறுப்பினர் வங்கிகளோடு இணைத்துக் காப்பாற்றி, இயக்குநர் குழுவின் தலைவராக இருந்தார். 1934 டிசம்பரில் இறந்தார். அந்த வங்கி அவருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நடந்தது.

சரி, பேச்சாளர் மீது எனக்கும் ஒரு குறை உண்டு. 'சமூக சேவகி' என்று கண் கலங்கியவர், 'பேங்கர்' என்று ஒருமுறை நிமிர்ந்து சொல்லியிருக்கலாம். மறுபடி உங்கள் ஊருக்கு வந்தால், அந்த 31 சென்ட் கணக்கையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.