மேயர் யாரை அதட்டுகிறார்?

அன்புள்ள ஐயா,

சேலத்தில் நடந்த கூட்டத்தில், ‘சண்டைக்கார மேயர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை’ என்று பேசினீர்கள். அரங்கில் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அம்மாபேட்டையில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் நான். இப்போது கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் மனு கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். யாராவது போய்ச் சத்தம் போட்டால் மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிடுகிறார். அதட்டினால்தானே வேலை நடக்கிறது? லண்டனில் கென் லிவிங்ஸ்டன் பிரிட்டன் பிரதமர் தாட்சரையே எதிர்த்து நின்றார் என்று படித்திருக்கிறேன். அப்படி ஒருவர் நமக்கு வேண்டாமா? நூறு தீர்மானங்களை ஒரே மூச்சில் ‘ஆல் பாஸ்’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோவதா மக்களாட்சி?

அடுத்த தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கலாமா என்றும் ஒரு எண்ணம் இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., அம்மாபேட்டை

அன்புள்ள க.,

‘ஆல் பாஸ்’ பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு மாமன்றம் சத்தமில்லாமல் கலைகிறது என்றால், பேச வேண்டியதை வேறெங்கோ பேசி முடித்துவிட்டார்கள் என்று பொருள். மன்றத்தில் சண்டை வேண்டும். யாரோடு என்பதில்தான் நீங்களும் நானும் வேறுபடுகிறோம்.

சத்தம் போட்டதும் உங்கள் தெருவுக்கு வந்த ஆள் யார்? பெரும்பாலும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவர் எங்கிருந்து வந்தார்? இன்னொரு தெருவிலிருந்து. மேயர் சுகாதார அலுவலரை அதட்டுகிறார். அவர் ஆய்வாளரை, ஆய்வாளர் மேஸ்திரியை, மேஸ்திரி கடைசியில் இருப்பவரை. இத்தனை பேரும் குரலை உயர்த்திய பிறகும் வார்டில் ஆள் ஒன்று கூடவில்லை, வண்டி ஒன்று கூடவில்லை. சத்தம் போட ஆளில்லாத தெரு இன்னும் ஒரு வாரம் நாறுகிறது, அவ்வளவுதான். இதைப் படம் பிடித்துக் கைபேசியில் சுற்றவிட்டால் ‘அதிரடி மேயர்’ என்று பெயர் கிடைக்கும்.

மேயர் ஏன் கீழே பார்த்துக் கத்துகிறார் என்பதற்குச் சட்டத்தில் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு மாநகராட்சியில் நிர்வாக அதிகாரம் ஆணையாளரிடம் இருக்கிறது. அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். சிவப்பு அங்கி, சங்கிலி, செங்கோல் எல்லாம் உண்டு. ஒரு பொறியாளரை இடமாற்றம் செய்யும் அதிகாரம் கிடையாது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய நகராட்சித் தலைவர்கள் உண்மையிலேயே நிர்வாகத்தை நடத்தியவர்கள். சென்னை மாகாணத்தில் 1930களில் நகராட்சிகளுக்கு ஆணையாளர்களை நியமித்து அந்த அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, உறுப்பினர்களின் கோஷ்டிச் சண்டை. மன்றத்தில் நாற்காலி பறக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சண்டைக்காரரைத் தேடி நீங்கள் லண்டன் வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை. 1882இல், வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்த அதே ஆண்டில், சேலத்தில் மதக் கலவரம் நடந்தது. அதைத் தூண்டியதாக நகராட்சி உறுப்பினரும் வழக்கறிஞருமான விஜயராகவாச்சாரியார்மீது வழக்குப் போட்டார்கள். தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில் விடுதலையானார். இதற்கிடையில் அரசு அவரது உறுப்பினர் பதவியைப் பறித்திருந்தது. பெரிய வழக்கிலேயே விடுதலை கிடைத்துவிட்டது, ஒரு நகராட்சி நாற்காலிதானே என்று மற்றவர் விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அமைச்சரான இந்தியாவுக்கான அரசுச் செயலரையே எதிர்வாதியாக்கி வழக்குத் தொடுத்தார். வென்றார். இழப்பீடு நூறு ரூபாய்! 1884இல் தீர்ப்பான அந்த வழக்கு சட்டத் தொகுப்புகளில் இன்றும் இருக்கிறது. பின்னாளில், 1920இல், நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். சேலத்தில் அவர் பெயரில் ஒரு நினைவு அரங்கம் இருக்கிறது. நம் கவுன்சிலர்களில் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள் என்று கேட்க ஆசை.

ராஜாஜி 1917 முதல் 1919 வரை இதே நகராட்சிக்குத் தலைவராக இருந்தார். அவருடைய மற்ற அரசியலோடு எனக்குப் பல பிணக்குகள் உண்டு. ஆனால் சேலம் நகராட்சியில் முதல் தலித் உறுப்பினர் தேர்வாவதற்கு அவரே காரணமாக இருந்தார். அந்தக் காலத்தில் தன் சாதியாரும் தன் தெருவும் முகம் சுளிக்கும் காரியம் அது. அவர் குரலை உயர்த்தியதாக நான் எங்கும் படித்ததில்லை.

லிவிங்ஸ்டனுக்கு வருகிறேன். 1981இல் லண்டன் பெருநகர மன்றத்தின் தலைவரானதும் பஸ், ரயில் கட்டணத்தைக் குறைத்தார். நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தேம்ஸ் நதிக்கு அக்கரையில் நாடாளுமன்றம். இக்கரையில் தன் அலுவலகக் கூரையில், நகரத்தில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கையைப் பெரிதாக எழுதி வைத்தார். தாட்சர் தினமும் பார்க்கட்டும் என்று! 1986இல் தாட்சர் அந்த மன்றத்தையே கலைத்துவிட்டார். 2000இல் சொந்தக் கட்சி வாய்ப்புத் தராதபோது சுயேச்சையாக நின்று மேயரானார். 2003இல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு ஐந்து பவுண்டு கட்டணம் விதித்தார். அதைச் சாதித்தது அவருடைய வாய் என்று நினைக்காதீர்கள். கட்டணம் விதிக்கும் அதிகாரத்தைப் புதிய சட்டம் மேயருக்குத் தந்திருந்தது.

நம் ஊரில் அந்தக் கூரைப் பலகைக்கு எத்தனையோ வாய்ப்புகள் வந்தன. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சேலத்தில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அரசு நியமித்த தனி அலுவலரின் ஆட்சி. பதவிக்காக மன்றத்தில் மேசையைத் தட்டியவர்கள், அந்த மன்றமே இல்லாமல் போனபோது எந்தத் தெருவில் நின்று கத்தினார்கள்? எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதுதான்.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் பந்தாடப்பட்டிருக்கிறது. 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள். 2011இல் மீண்டும் மக்கள். 2016இல் மறைமுகம், அதாவது கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பது, என்று சட்டத்தை மாற்றி, 2018இல் நேரடி என்று திருப்பி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மறுபடியும் மறைமுகமாக்கினார்கள். அப்போதைய முதலமைச்சர் உங்கள் மாவட்டத்துக்காரர். பின்னர் வந்த ஆட்சியும் அதை அப்படியே வைத்துக்கொண்டு 2022இல் தேர்தல் நடத்தியது. இதில் மட்டும் இரு கழகங்களுக்கும் ஒற்றுமை. கவுன்சிலர்களால் தேர்வாகும் மேயர் மாவட்டச் செயலாளரின் முகத்தையும் கவுன்சிலர்களின் முகத்தையும் பார்த்தே காலம் தள்ள வேண்டும். திருநெல்வேலியில் 2024 ஜனவரியில் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். வாக்கெடுப்பு நாளில் ஒருவரும் வரவில்லை, தீர்மானம் தோற்றது. ஜூலையில் மேயர் விலகிவிட்டார். நடுவில் நெல்லை மக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. டெண்டரா, மரியாதையா, பழைய பகையா, எதற்காக அந்தச் சண்டை என்பது அவர்களுக்குள்ளேயே தீர்ந்துபோனது.

தேர்தலில் நில்லுங்கள். கணக்கு எழுதுகிறவர் என்பதால் இன்னும் தயங்காமல் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வார்டுக்கு அனுமதிக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர், வேலைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர், ஒப்பந்ததாரருக்கு எத்தனை பேருக்குப் பணம் போகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வந்ததும், வார்டு மக்கள் கூடும் பகுதி சபா கூட்டத்தில் எழுந்து வாசியுங்கள். அங்கே உங்கள் கவுன்சிலர் கோபப்படுவார், படட்டும். நீங்கள் வென்று, மன்றத்தின் 60 பேரில் இரு பக்கமும் இழுபறியானால், மேயர் தேர்வுக்கு முந்தைய இரவு உங்கள் வீட்டுக்குக் கார்கள் வரும். சுயேச்சையின் வாக்குக்கு அந்த ஓர் இரவில்தான் அத்தனை மவுசு. வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு அந்தக் கணக்கை எடுத்து முன்னால் வையுங்கள்.